பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுக் கனவு வண்டியை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. மதுரை ஒத்தக்கடையில் குடியிருக்கிறேன். விளக்குத்தூண் அருகே ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் 28,000 ரூபாய். அப்பா 2016-இல் வாங்கிய ஸ்ப்ளெண்டரைத்தான் ஓட்டி வருகிறேன். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகளைப் பள்ளியில் விடுவது, கடைக்குப் போய் வருவது, அம்மாவை மாதம் ஒரு முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுகிறது. சிறு வயதில் மேலூரில் தாய்மாமாவின் புல்லட்டில் பெட்ரோல் டேங்க்கின் மேல் உட்கார்ந்து போன நாளிலிருந்து அந்த வண்டியின் மீது தீராத ஆசை. இப்போது புல்லட் தயாரிக்கும் அதே ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் கிளாசிக் 350 வாங்க ஷோரூமில் பேசிவிட்டேன். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் 18,000-க்கு எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 1,50,000 ரூபாய்க்கு 8 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை. ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த என் மனைவி, ஒரு ஸ்கூட்டர் போதும் என்கிறார். மைத்துனர் அதே நிறுவனத்தின் ஹன்டர் 350-ஐப் பார்க்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர், வாங்குவதே வாங்குகிறாய், 650 சிசி வண்டியாக வாங்கு என்கிறார். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். மாதம் ஒரு முறையாவது கொடைக்கானல், தனுஷ்கோடி என்று போய்வர வேண்டும் என்பது எண்ணம். என்ன செய்யலாம்?

பதில்: ஒத்தக்கடை வாசகருக்கு வணக்கம்.

புல்லட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஸ்ப்ளெண்டரைக் கொடுத்துவிட்டு வாங்காதீர்கள். அதைக் கொடுக்காமல் வாங்குவதற்கு இப்போது பணம் போதாது என்பதால், இந்த ஆண்டு வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. எந்த வண்டியை வாங்குவது என்பதைப் பற்றிக் கடிதத்தில் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். எந்த வண்டியை விற்பது என்பதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். என் கவலையெல்லாம் அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊரில் இரு சக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். காலையில் நான் பட்டறைக்கு வருவது ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில். வீட்டில் துணி போர்த்தி ஒரு புல்லட் நிற்கிறது; அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். இரண்டையும் பார்த்தவர்கள், ஊருக்கெல்லாம் பெரிய வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நீங்கள் இதில் வருகிறீர்களே என்று சிரிப்பார்கள். அந்த எக்ஸ்.எல். இருப்பதால்தான் புல்லட்டின் மீது எனக்கு இன்னும் ஆசை குறையாமல் இருக்கிறது என்று நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆகவே, நான் சொல்லப்போவதில் என் வழக்கத்தின் சாய்வு கொஞ்சம் இருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உங்கள் ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளைக்கு 30 கிலோமீட்டர் என்றால் மாதத்திற்கு ஏறத்தாழ 800, ஆண்டுக்கு 9,600 கிலோமீட்டர். நீங்கள் ஆசைப்படுகிறபடி மாதம் ஒரு முறை வெளியூர்ப் பயணம், அதற்குச் சராசரியாக 300 கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 3,600 கிலோமீட்டர்தான். அதாவது, ஒரு மாதம்கூடத் தவறாமல் பயணம் போனாலும், அந்த வண்டி ஓடும் தூரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்து மூன்று பங்கு ஒத்தக்கடைக்கும் விளக்குத்தூணுக்கும் இடையிலேயே கழியும். மேலும், ஜவுளிக் கடையில் கணக்குப் பார்ப்பவருக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு ஆகியவை போக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் முழுதாகக் கையில் இருக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். தனுஷ்கோடி போக மட்டும் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பினால் மறுநாள் காலை கடையில் பேரேட்டின் முன் உட்கார முடியாது.

அப்படியானால் அந்த எழுபத்து மூன்று பங்கில் வண்டி என்ன செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் எடை 112 கிலோ. கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. வித்தியாசம் 83 கிலோ. ஓடும்போது இந்த எடை தெரியாது. மாட்டுத்தாவணியைத் தாண்டி சாலை சற்று விரிந்ததும், அந்த எடையே வண்டியை நிலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு போகும். அது ஒரு சுகம். நிறுத்தும்போதும் எடுக்கும்போதும்தான் 83 கிலோவும் ஒன்றாக வந்து கையில் இறங்கும். உங்கள் கடை இருக்கும் பகுதியில் வண்டி நிறுத்தும் அழகை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் நீங்கள் இடைவெளி பார்த்து நிறுத்திய வண்டியின் இரு பக்கமும், மாலைக்குள் கைப்பிடியோடு கைப்பிடி உரசும்படி ஆறு வண்டிகள் நின்றிருக்கும். ஒன்றின் பக்கவாட்டு ஸ்டாண்டு உங்கள் சக்கரத்திற்குள் நுழைந்திருக்கும். ஸ்ப்ளெண்டராக இருந்தால் பின்புறக் கம்பியைப் பிடித்து லேசாகத் தூக்கி நகர்த்தி எடுத்துவிடலாம். 195 கிலோ வண்டியை அப்படித் தூக்க முடியாது. கடைப் பையனைக் கூப்பிட வேண்டும், அல்லது பக்கத்து வண்டிக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். 805 மில்லிமீட்டர் உயரமுள்ள இருக்கையில் ஐந்தடி நான்கு அங்குலக்காரர் உட்கார்ந்தால் சமதளத்தில் கால் ஊன்றிவிடலாம். ஆனால் சாக்கடை மூடியும் மேடுபள்ளமும் உள்ள இடத்தில் காலாலேயே உந்திப் பின்னுக்குத் தள்ளி எடுப்பது சிரமம். ஒரு நாளுக்கு இது வேடிக்கை. ஆண்டுக்கு முந்நூறு நாள் என்றால் வேறு கதை.

என் பட்டறைக்கு வரும் ஒருவர் இதே போல ஆசைப்பட்டு, பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு 350 சிசி வண்டி வாங்கினார். முதல் மூன்று மாதம் வாரம் தவறாமல் கழுவித் துடைத்து, குரோமியப் பகுதிகளுக்குத் தனியாகப் பாலிஷ் போட்டார். எட்டாவது மாதத்தில் வண்டியின் இரு பக்கமும் மற்ற வண்டிகள் உரசிய கீறல்கள். இரண்டாவது ஆண்டில் பால் வாங்கவும் அதில்தான் போக வேண்டுமா என்று சலித்துக்கொண்டார். பிறகு விற்றுவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். வண்டி ஒரு நாளும் நடுவழியில் நிற்கவில்லை. அதில் ஒரு குறையும் இல்லை. எட்டு மணி நேரம் வெயிலில் கிடந்து, நெரிசலில் ஊர்ந்து, காய்கறிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பும் வேலையை அதன் தலையில் கட்டியதும், அவர் ஆசைப்பட்ட வண்டி அந்த வேலைக்குள் காணாமல் போய்விட்டது.

இதைச் சொல்வதால் அந்த வண்டியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2020-இன் இறுதியில் அதே நிறுவனத்தின் மீட்டியர் வண்டியோடு வந்து, 2021-இல் கிளாசிக்கிலும் பொருத்தப்பட்ட புதிய 349 சிசி எஞ்சின், நெரிசலுக்கு நீங்கள் நினைப்பதைவிட ஏற்றது. அதன் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்திற்கு 4,000 சுழற்சியிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டரில் கிடைப்பது ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர். எனவே அடிக்கடி கியரை மாற்றாமல், குறைந்த வேகத்திலும் திணறாமல் இழுத்துக்கொண்டு போகும். பிரேக் விஷயத்தில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. கிளாசிக்கின் முன்சக்கரத்தில் 300 மில்லிமீட்டர் டிஸ்க், பின்சக்கரத்தில் 270 மில்லிமீட்டர் டிஸ்க். இரட்டைச் சேனல் ஏபிஎஸ் உள்ள வகையில் இரண்டு சக்கரமும் பூட்டிக்கொள்ளாமல் காக்கப்படுகின்றன. உங்கள் 2016 வண்டியில் இருப்பது 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். மழை பெய்து சாலை நனைந்திருக்கும்போது அதை மிதிக்கும் கால்தான் ஏபிஎஸ். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். மேலூர் நான்குவழிச் சாலையில் பேருந்து ஒன்று கடந்து போகும்போது ஸ்ப்ளெண்டரைக் காற்று எப்படித் தள்ளுகிறது என்பதை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள்; கிளாசிக்கில் அது அவ்வளவாக இருக்காது.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு எஞ்சினும் பெரும்பாலும் காற்றை நம்பியே குளிர்பவை. வண்டி ஓடினால்தான் காற்று; சித்திரை, வைகாசியில் கோரிப்பாளையம் சந்திப்பில் நிற்கும்போது காற்று ஏது? 97 சிசி எஞ்சின் கக்கும் சூடும் 349 சிசி எஞ்சின் கக்கும் சூடும் ஒன்றல்ல. வலது முழங்காலுக்குக் கீழே அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அடுத்து உங்கள் அம்மா. மருத்துவமனைக்குப் போகும் வயதில் இருக்கும் ஒருவர், சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார வேண்டிய நிலையில், உயரமான பின்னிருக்கையில் ஏறுவதற்கு ஒரு படிக்கல் தேவைப்படும். வண்டி முடிவாகும் முன் அவரை ஷோரூமுக்கு அழைத்துச் சென்று ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. நான்கு வயது கடந்திருந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் தலைக்கவசம் சட்டப்படியே கட்டாயம். குழந்தைக்கு அளவான கவசம் கடைகளில் கிடைக்கிறது.

பணத்திற்கு வருகிறேன். நீங்கள் கணக்காளர், ஆனாலும் ஆசையில் ஒரு வரியைத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 1,50,000 ரூபாய்க்கு 8 சதவீதம் என்று ஷோரூமில் சொல்வது பெரும்பாலும் 'பிளாட்' வட்டியாகத்தான் இருக்கும். அதாவது மூன்று ஆண்டுகளுக்கும் முழுத் தொகைக்கே வட்டி: ஆண்டுக்கு 12,000 வீதம் 36,000, மொத்தம் 1,86,000, மாதத் தவணை 5,167 ரூபாய். நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் குறைவதில்லை. குறையும் அசலுக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ பதினான்கரை சதவீதத்திற்குச் சமம். இதே தொகையை ஒரு வங்கி, குறையும் அசலுக்கு 11 சதவீதம் என்று கொடுத்தால் தவணை 4,911 ரூபாய்தான். கேட்பதற்கு 8-ஐவிட 11 பெரிது, கட்டுவதற்குச் சிறிது. தவணைச் சீட்டில் மாதத் தொகை என்ன என்று முதலில் பாருங்கள். 5,167-ஐ ஒட்டி இருந்தால் நான் சொன்னதுதான்.

அதோடு நிற்காது. நல்ல நிலையில் உள்ள ஸ்ப்ளெண்டர் ஊருக்குள் லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும். கிளாசிக் இதே நெரிசலில் 32 கொடுத்தால் நல்லது. மாதம் 800 கிலோமீட்டருக்கு ஒன்று 13 லிட்டர் குடிக்கும், மற்றொன்று 25 லிட்டர். கணக்குக்காக லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் ஏறத்தாழ 1,170 ரூபாய் கூடுதல். தவணையோடு கூட்டினால் 6,300 ரூபாயைத் தாண்டுகிறது. டயர், சர்வீஸ் எல்லாம் இதில் சேரவில்லை. 28,000 ரூபாய் சம்பளத்தில் ஏறத்தாழ கால் பங்கு, மூன்று ஆண்டுகளுக்கு, ஒரு வண்டிக்கு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் சிசி கூடக்கூட ஏறும்: 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, புதிய வண்டிக்குக் கட்டாயமான ஐந்தாண்டுக் காப்பீடு, 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய், வரி தனி.

உங்கள் நண்பர் சொன்ன 650 பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்குச் சரக்கு, சேவை வரி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். இந்த ஒரு செய்தியும், மேலே சொன்ன 15,117 ரூபாயும், இருநூறு கிலோவைத் தாண்டும் எடையும் போதும். அது ஒரு நல்ல வண்டி. உங்கள் கேள்விக்கான விடை அதில் இல்லை.

மைத்துனர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு வண்டிதான் வீட்டில் இருக்க முடியும், அதுவும் 350 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், நான் ஹன்டரைத்தான் சொல்வேன். அதே எஞ்சின், 181 கிலோ எடை, இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர், சக்கரங்களும் சிறியவை, வண்டியின் நீளமும் குறைவு, எனவே சந்துக்குள் எளிதாகத் திரும்பும். அலாய் சக்கரம் உள்ள வகையில் டியூப்லெஸ் டயர் என்பதால், ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகவே இறங்கும். கம்பிச் சக்கரமும் டியூபும் உள்ள வண்டி மலைப்பாதையில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற ஆள் தேட வேண்டும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது ஹன்டருக்கு அல்லவே. ஆசைப்படாத வண்டிக்கு 36 மாதம் தவணை கட்டுவது எல்லாவற்றையும்விட வருத்தமான செலவு என்பது என் எண்ணம்.

உங்கள் துணைவியார் சொன்னதை நீங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. வண்டி ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் வீட்டில் இருக்கிறார். நீங்கள் வாங்கப் போகும் வண்டியை அவர் ஓட்டப் போவதில்லை. நீங்கள் கடையில் இருக்கும் நேரத்தில் மகளுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அவர் ஆட்டோதான் பார்க்க வேண்டும். இரண்டாவதாக ஒரு வண்டி வீட்டுக்கு வரும் என்றால், முதல் முறை அது கனவு வண்டியாக இருக்க வேண்டுமா, ஸ்கூட்டராக இருக்க வேண்டுமா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் நான் தலையிட மாட்டேன்.

உங்கள் ஆசையின் வேரைப் பற்றி ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். தாய்மாமாவின் புல்லட்டை நீங்கள் பார்த்தது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இருக்கலாம். அது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட வண்டி. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் தனித்தனி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும். அந்த நீண்ட ஓட்டம்தான், தெருமுனையில் வரும்போதே வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிவித்துவிடும் அந்தத் தடதடப்புக்குக் காரணம். முகப்பு விளக்குக்கு மேலே ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். கிக்கரை மெதுவாக அழுத்தி, அதன் முள் நடுவுக்கு வந்ததும், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்து பிஸ்டனைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, ஒரே உதையில் கிளப்புவது ஒரு வித்தை. தெரியாதவர் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். நான் தொழில் பழகிய பட்டறையில் அப்படிக் கணுக்கால் வீங்கி இரண்டு நாள் வேலைக்கு வராத பையன் நான்தான்.

இன்று ஷோரூமில் நிற்கும் கிளாசிக் அந்த வண்டி அல்ல. உருவம் அதே போல. ஆனால் சிலிண்டர் விட்டம் 72, பிஸ்டன் ஓட்டம் 85.8 மில்லிமீட்டர் என்ற அளவில், அதிர்வை அடக்கத் தனியாக ஒரு சமனித் தண்டு வைத்து, பெட்ரோலை மின்னணு முறையில் ஊசியால் செலுத்தி, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் நவீன எஞ்சின் அது. ஓட்டுவதற்கு எல்லா வகையிலும் பழையதைவிட நல்லது. உங்கள் நினைவில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் தேடி அதை வாங்கினால் மட்டும் ஏமாற்றம் வரலாம். எனவே, உறவினரிடமோ நண்பரிடமோ ஒரு கிளாசிக்கை இரண்டு நாள் இரவல் கேளுங்கள். காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். ஒரு நாள் வழக்கம்போலக் கடைக்குப் போய், மாலை ஏழு மணிக்கு வரிசையிலிருந்து நீங்களே வெளியே எடுத்து, கீழவாசல் வழியாக வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் விடியற்காலையில் துணைவியாரோடு திண்டுக்கல் பக்கம் போய், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவும் ஏறி, சிறுமலைக்குப் போய் வாருங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்ப்பதில் இந்த இரண்டில் ஒன்றுகூடத் தெரியாது. இரண்டாம் நாளின் மகிழ்ச்சி முதல் நாளின் அலுப்பைவிடப் பெரிதாக இருந்தால், உங்கள் ஆசை உண்மையானது. அதற்காகச் சேமிக்கத் தொடங்கலாம்.

சேமிப்புக்கு என் யோசனை எளிமையானது. முதலில் ஸ்ப்ளெண்டரைச் சீர்செய்யுங்கள். ஒன்பது, பத்து ஆண்டு ஓடிய வண்டியில் செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் தட்டுகள், ஹேண்டில்பாரின் கோன் செட், முன் ஃபோர்க்கின் ஆயில் சீல், இரு பிரேக் ஷூக்கள் ஆகியவற்றை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, இரண்டு டயர்களையும் பார்த்துவிட்டால், பழைய மைலேஜும் பிடிப்பும் பெரும்பாலும் திரும்பிவிடும். எஞ்சினைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லையென்றால் இதற்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது என்பது என் மதிப்பீடு. வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கானது. 2031 வரை அதைப் பற்றிக் கவலையில்லை. ஷோரூம்காரர்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள இந்த வண்டிதான், நாளை வரப்போகும் கிளாசிக்கை நெரிசலிலிருந்தும் கீறலிலிருந்தும் காப்பாற்றப் போகிறது.

பிறகு, தவணையாகக் கட்டியிருப்பீர்களே, அந்த 5,000 ரூபாயை அடுத்த மாதம் முதல் வங்கியில் ஒரு தொடர் வைப்பில் போடுங்கள். நான்கு மாதம் போட முடியாமல் திணறினால், 36 மாதம் தவணை கட்டியிருக்கவும் முடியாது என்று இழப்பில்லாமல் தெரிந்துகொள்ளலாம். இரண்டு ஆண்டு போட முடிந்தால் 1,20,000 ரூபாயும் வட்டியும். சீர்செய்தது போக மீதியிருக்கும் 60,000-ஐச் சேர்த்தால் 1,80,000-க்கு மேல். அப்போது மிகச் சிறிய கடனோடு புதிய வண்டியை எடுக்கலாம். அல்லது கடனே இல்லாமல், சில ஆண்டு ஓடிய வண்டியை வாங்கலாம்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். பார்க்கப் போகும்போது வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் வண்டியை உங்களுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கடன் முடிந்திருந்தால் மட்டும் போதாது. நிதி நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். நேர்ச்சாலையில் மெதுவாக ஓட்டும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கமாக இழுத்தால், எங்கோ மோதி நிமிர்த்தப்பட்ட வண்டியாக இருக்கலாம். சத்தத்திற்காகச் சைலென்சரை மாற்றியிருந்தால், பழைய சைலென்சர் கையில் கிடைக்காமல் விலை பேசாதீர்கள். வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றக் கோரி எழுதிவிட வேண்டும்.

பெயர் மாற்றம் என்று சொல்லும்போது, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த ஒரு சந்தேகம். அப்பா வாங்கிய வண்டி என்கிறீர்கள். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்கிறீர்கள். ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறதா? பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. யாருக்கும் மனம் வருவதில்லை. உரிமையாளர் இறந்தால் வாரிசு மூன்று மாதங்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அதற்குரியது 31-ஆம் எண் படிவம். தாமதத்திற்கு அபராதம் இருக்கும், ஆனால் செய்துவிடலாம். பெயர் மாறாத நிலையில் விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தாலும் அந்தக் கையெழுத்தை யார் போடுவது என்ற கேள்வி வரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் ஒப்புதல் கடிதம், ஆர்.சி., நடப்புக் காப்பீடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குப் போய் வாருங்கள். கோன் செட் மாற்றுவதை அதற்கு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.